லிஃப்ட் எண் ஆறு

அந்த வீட்டில் ஆறு லிஃப்ட்கள் இருந்தன. வீடு இருந்த கட்டடத்தில் ஒன்றுகூடக் கிடையாது.

குளிர்பெட்டி லிஃப்ட் எண் ஒன்று. துணி துவைக்கும் இயந்திரம் இரண்டு. தண்ணீர் மோட்டார், அடுப்பு, சுவர்க் கடிகாரம் மூன்று, நான்கு, ஐந்து. கடைசியாக வந்த இணையப் பெட்டி ஆறு. இப்படித்தான் லிஃப்ட்காரரின் புத்தகத்தில் பதிவாகியிருந்தது.

முப்பத்தொரு வருடமாக லிஃப்ட் பழுது பார்ப்பது அவர் தொழில். கம்பெனி கைமாறிப் பெயர் மாறியபோது, பழைய பெயர் அச்சிட்ட வேலைப் பதிவுப் புத்தகங்களைக் கட்டுக் கட்டாகக் குப்பைக்கு அனுப்பினார்கள். அவர் இரண்டை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். கெட்டி அட்டை, ஒவ்வொரு பக்கத்துக்கும் எண், பக்கத்தில் ஆறு கட்டங்கள்: தேதி, நேரம், லிஃப்ட் எண், புகார், செய்த வேலை, கையெழுத்து. வீட்டில் லிஃப்ட் இல்லை என்பதற்காக ஒரு கட்டத்தைக் காலியாக விட அவருக்கு மனம் வரவில்லை.

"உங்க கணக்குல நான் எத்தனாவது லிஃப்ட்?" என்று கேட்டாள் மனைவி.

"உனக்கு ஒரு புத்தகம் பத்தாது டீச்சரம்மா."

வீட்டுக்குள் எதைத் தொட யார் வந்தாலும் புத்தகத்தில் கையெழுத்துப் போடாமல் வெளியே போக முடியாது. அடுப்பு பார்க்க வந்தவர் சிரித்துக்கொண்டே போட்டார். மோட்டார்க்காரர் கோபித்துக்கொண்டு போட்டார். இணையக் கம்பெனியிலிருந்து தோளில் ஏணியோடு வருகிறவர் முதல் தடவை புத்தகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்ன சார் இது, கல்யாணப் பதிவு மாதிரி இருக்கு?"

"கல்யாணத்துக்கு இவ்வளவு யோசிச்சு யாரும் கையெழுத்துப் போடுறதில்லை தம்பி."

ஏணிக்காரர் போட்டார். அதற்குப் பிறகு இன்னும் மூன்று தடவை வந்து போட்டார். வந்த காரணம் நான்கு தடவையும் ஒன்றுதான். இணைப்பு நடுவில் விட்டுவிட்டுப் போனது.

டீச்சர் முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுத்தவள். நாலாவது மாடி வீடு, அறுபத்தெட்டுப் படி. "ஊரையே ஏத்தி இறக்குறவரு, பொண்டாட்டியை மட்டும் நடக்க விட்டுட்டாரு" என்று குடிவந்த நாளிலிருந்து சொல்லிவந்தாள். இரண்டு வருடமாக அதை அவள் சொல்வதில்லை. முழங்கால் இரண்டும் போய்விட்டன. பள்ளியை விட்டாள். வீட்டிலிருந்தபடியே திரையில் பதினொரு பிள்ளைகளுக்குக் கணக்கு எடுத்தாள். அதற்காகத்தான் அந்த இணைப்பு. இரண்டு வருட ஒப்பந்தம். பின்னம் பாதி சொல்லும்போது திரை உறைந்துபோகும். அப்படி உறைந்து உறைந்து இரண்டு பிள்ளைகள் வேறு இடம் பார்த்துக்கொண்டு போனார்கள்.

கடைசியாக அவள் படியிறங்கியது மருத்துவரிடம் போக. ஏறி வர நாற்பது நிமிடம் ஆயிற்று. மூன்றாவது மாடித் திருப்பத்தில் உட்கார்ந்துகொண்டு, "நீங்க போங்க, நான் நாளைக்கு வரேன்" என்றாள். இருவரும் சிரித்தார்கள். அன்றைக்கு லிஃப்ட்காரர் முடிவு செய்தார், தரைத்தள வீடு.

அது அமைந்தது. இரண்டு தெரு தள்ளி, மருந்துக்கடை நடத்தும் அம்மாவின் வீடு. இரண்டு அறை, வாசலில் ஒரு படிகூட இல்லை. மாதக் கடைசிவரை வேறு யாருக்கும் கொடுக்காமல் வைத்திருப்பதாக அந்த அம்மா சொன்னார். முன்பணத்தில் பாதி கையில் இருந்தது. மீதியைத் தொழிலாளர் கடன் சங்கத்தில் கேட்டிருந்தார். சங்கத்துக்கு ஒரே ஒரு விதி: கடன் கேட்கிறவன் பெயர் எந்தக் கம்பெனியின் பாக்கிப் பட்டியலிலும் இருக்கக்கூடாது.

இணையக் கம்பெனிக்குப் போன் செய்து, வீடு மாறுகிறோம், இணைப்பு வேண்டாம் என்றார்.

"ஒப்பந்தம் முடிய இன்னும் பத்து மாசம் இருக்கு சார். அந்தப் பத்து மாசத்துக் கட்டணத்தையும் மொத்தமா கட்டிடுங்க, நிறுத்திடலாம்" என்றது ஒரு இனிமையான குரல்.

"ஓடாத வண்டிக்கு டிக்கெட் எடுக்கணுமா அம்மா?"

"கட்டலைன்னா பாக்கின்னு பதிவாகிடும் சார். வேற ஏதாவது உதவி வேணுமா?"

கேட்ட தொகை கையிலிருந்த பாதி முன்பணத்தைத் தின்றுவிடும். கட்டினால் வீடு இல்லை. கட்டாவிட்டால் கடன் இல்லை, அப்போதும் வீடு இல்லை.

டீச்சர் ஒப்பந்தத்தைக் கொண்டுவரச் சொன்னாள். சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு ஒரு மாலை முழுவதும் படித்தாள். பொடி எழுத்தில் பதினொரு தாள். பரீட்சைத் தாள் திருத்துவதுபோல் ஓரத்தில் கோடு போட்டுக்கொண்டே போனவள், பதினாலாவது விதியில் நின்றாள்.

"கேளுங்க. ஒரே பழுதுக்கு நாலு தடவை ஆள் வந்தும் சரியாகலைன்னா வாடிக்கையாளர் எந்தக் கட்டணமும் இல்லாம விலகிக்கலாம். நமக்கு நாலு தடவை வந்திருக்காரு."

இதை எழுதி அனுப்பினார்கள். ஒரு வாரத்தில் பதில் வந்தது. தங்கள் பதிவுகளின்படி, ஊழியர் சென்ற நான்கு முறையும் வீடு பூட்டியிருந்தது.

டீச்சர் அதைப் படித்துவிட்டு முழங்கால் வலிக்க வலிக்கச் சிரித்தாள்.

"நான் படி இறங்கி எழுபது நாளாச்சு. நம்ம வீட்டுப் பூட்டு எங்க இருக்குன்னே எனக்கு மறந்துபோச்சு. பூட்டியிருந்துதாம்."

"அந்தத் தம்பி நல்லவன்தான். ஏன் அப்படி எழுதினான்?"

"நல்லவங்களுக்கும் மேலதிகாரி உண்டு இல்ல."

லிஃப்ட்காரர் எழுந்து போய்ப் புத்தகத்தை எடுத்து வந்தார். முப்பத்தெட்டாம் பக்கம், முப்பத்தொன்பது, நாற்பது, நாற்பத்திரண்டு. நான்கிலும் லிஃப்ட் எண் ஆறு. நான்கிலும் ஏணிக்காரரின் கையெழுத்து, தேதியோடு, நேரத்தோடு. டீச்சர் புத்தகத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"இத்தனை வருஷமா இந்தப் புத்தகத்தைத் திட்டினதுக்கு மன்னிச்சிடுங்க" என்றாள். பிறகு, "நாற்பத்தொண்ணுல என்ன?" என்று திருப்பினாள்.

நாற்பத்தோராம் பக்கம் அவர் கையெழுத்திலேயே இருந்தது. லிஃப்ட் எண் ஆறு. புகார்: இணைப்பு இல்லை. செய்த வேலை: பெட்டியின் மூடியைக் கழற்றி, உள்ளே தளர்ந்திருந்த கம்பியை இறுக்கினேன். கீழே அவருடைய கையெழுத்து.

டீச்சர் ஒப்பந்தத்தில் பதினாறாவது விதியைக் காட்டினாள். வாடிக்கையாளர் தாமே பெட்டியைத் திறந்தால் பதினாலாவது விதி அவருக்குப் பொருந்தாது.

"ஏன் திறந்தீங்க?"

"நீ வகுப்பு எடுத்துக்கிட்டிருந்தே. பாதியில நின்னுபோச்சு. அந்தத் தம்பிக்குப் போன் பண்ணினேன். அன்னைக்கு இருபது வீடு பாக்கி, மழை வேற. 'நீங்க லிஃப்டையே கழட்டுறவரு சார், நாலு ஆணிதான், திறந்து இறுக்கிடுங்க'ன்னான்."

"அவரு சொன்னதை எழுதியிருக்கலாமே."

"செஞ்சவன் பேரைத்தான் எழுதணும். சொன்னவன் பேரை எழுதக்கூடாது."

"இது எந்தப் பள்ளிக்கூடத்துல?"

எந்தப் பள்ளிக்கூடத்திலும் இல்லை. லிஃப்ட் கூண்டின் மேல் நின்று வேலை செய்கிறவர்களுக்குள் இருக்கிற பேச்சில்லாத ஒப்பந்தம் அது. கீழே நிற்கிறவன் 'இறுக்கு' என்பான், மேலே இருப்பவன் இறுக்குவான். கை யாருடையதோ பொறுப்பும் அவனுடையது. சொன்னவனையும் மாட்டிவிட்டால் நாளைக்கு யாரும் யாருக்கும் யோசனை சொல்லமாட்டார்கள்.

டீச்சர் கொஞ்ச நேரம் பேனாவின் மூடியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தாள்.

"ஒரு தாள்தானே" என்றாள்.

அவர் முடியாது என்று தலையசைத்தார். வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடம், ஆறு மாடி அலுவலகக் கட்டடம் ஒன்றில் லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவே மூன்று மணி நேரம் நின்றுவிட்டது. யாருக்கும் அடி இல்லை. கூட வேலை பார்த்தவர் பிரேக்கைத் தப்பாக வைத்திருந்தார். தப்புக்கு ஒரு வார இடைநீக்கத்தோடு போயிருக்கும். அவர் பயந்துபோய்த் தாளைக் கிழித்தார். கிழித்ததற்கு வேலையே போயிற்று. அந்தத் தாளின் பின்பக்கத்தில் இருந்தது லிஃப்ட்காரர் செய்த வேலை. அதைச் செய்தேன் என்று நிரூபிக்க இவர் ஒரு மாதம் அலைந்தார்.

"ஒரு தாளைக் கிழிச்சா ரெண்டு பக்கம் போகும்" என்றார்.

டீச்சர் புத்தகத்தைத் திருப்பிப் பார்த்தாள். நாற்பத்தொன்றின் முதுகில் நாற்பத்திரண்டு. ஏணிக்காரரின் நான்காவது கையெழுத்து.

"ஆக, உங்க நேர்மைக்கு முதுகுப் பக்கம் ஒரு காரணமும் இருக்கு."

"அது இல்லாட்டியும் கிழிக்க மாட்டேன்."

"தெரியும். தெரிஞ்சுதானே முப்பது வருஷம் குடித்தனம் பண்றேன். ஆனா ஒண்ணு. நீங்களா முந்திக்கிட்டு அந்தப் பக்கத்தைச் சுட்டிக் காட்டாதீங்க. கேட்டாச் சொல்லுங்க."

அதற்கு ஒப்புக்கொண்டார்.

நுகர்வோர் குறைதீர் அலுவலகத்துக்குப் புகார் எழுதிப்போட்டார்கள்; விசாரணைக்கு நாள் குறித்துக் கடிதம் வந்தது. அலுவலகம் மூன்றாவது மாடியில் இருந்தது. வீட்டில் இருந்தவர் நேரில் வந்து சொல்லவேண்டும் என்று கடிதத்தில் கண்டிருந்ததால், டீச்சரை ஒரு மணி நேரம் முன்னதாகவே இறக்க ஆரம்பித்தார். பக்கத்து வீட்டுக்காரர் ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு முன்னால் இறங்கினார். ஒவ்வொரு திருப்பத்திலும் போட்டார், உட்கார்ந்தாள், எடுத்தார்.

அலுவலகத்தின் கீழே லிஃப்ட் கதவில் அட்டை தொங்கியது: பழுது.

லிஃப்ட்காரர் கதவுக்குக் காது கொடுத்தார். கை தானாகச் சட்டைப்பைத் திருப்புளிக்குப் போயிற்று.

"இதையாவது திறக்காம இருங்க" என்றாள் டீச்சர்.

காவலாளி எழுந்து தன் நாற்காலியைக் கொடுத்தார். டீச்சர் உட்கார்ந்தாள். "நீங்க மட்டும் போய்ச் சொல்லிட்டு வாங்க" என்றாள். அவர் மூன்று மாடி ஏறிப்போய், மனைவியால் ஏற முடியவில்லை, கீழே இருக்கிறாள், இன்னொரு நாள் கொடுக்க முடியுமா என்று கேட்டார். இன்னொரு நாள் என்றால் அடுத்த மாதம். மாதக் கடைசிக்கு ஆறு நாள்தான் இருந்தது. கேட்கும்போதே அவருக்குக் குரல் இறங்கிவிட்டது.

அதிகாரி நடுத்தர வயதுப் பெண்மணி. கண்ணாடிக்குக் கயிறு கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். கோப்பை மூடினார்.

"அவங்க ஏன் ஏறணும்? நாம இறங்கலாமே. எனக்கும் காலை நீட்டின மாதிரி இருக்கும்."

கம்பெனியின் சார்பில் வந்திருந்த டை கட்டிய இளைஞரும், அவருக்குப் பின்னால் ஏணியில்லாமல் அடையாளம் தெரியாதவராக நின்ற ஏணிக்காரரும், குறிப்பெடுக்கும் எழுத்தரும் அதிகாரிக்குப் பின்னால் வரிசையாக இறங்கினார்கள். மாடிப்படிக்கு அடியில், காவலாளியின் மேசையில் விசாரணை நடந்தது. மேசையில் இருந்த சாவிக்கொத்தையும் செய்தித்தாளையும் காவலாளி அவசரமாக அள்ளிக்கொண்டார்.

லிஃப்ட்காரர் பின்னாளில் பலரிடம் பலவற்றைச் சொன்னார். ஆனால் அந்த அதிகாரி அம்மா படியிறங்கி வந்ததைச் சொல்லும்போது மட்டும் நடுவில் நிறுத்திக்கொள்வார். மற்றவர்களுக்காக மேலும் கீழும் போகிற வேலை அவருடையது. தனக்காக ஒருவர் இறங்கி வந்து அவர் பார்த்ததில்லை.

ஏணிக்காரரைக் கண்டதும் டீச்சர் தன்னை மறந்து, "வாங்க தம்பி. முதுகுவலி தேவலையா?" என்றாள்.

அதிகாரி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். டை கட்டியவர் தொண்டையைச் செருமினார். பதிவுகளைப் படித்தார். நான்கு தேதி, நான்கு நேரம், நான்கிலும் வீடு பூட்டியிருந்தது.

"நீங்க எங்க போயிருந்தீங்க?" என்று அதிகாரி டீச்சரைக் கேட்டார்.

"நாலாவது மாடிங்க. இன்னைக்கு இறங்க ஒரு மணி நேரம் ஆச்சு. ஒரு ஆளு நாற்காலி தூக்கினாரு. அந்த நாலு நாளும் நான் வெளிய போயிருந்தா அந்த மனுஷன் நாற்காலியோட நாலு தடவை இறங்கியிருக்கணும்."

எழுத்தர் சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுதினார். லிஃப்ட்காரர் புத்தகத்தை மேசைமேல் வைத்தார். அதிகாரி கண்ணாடியை மாட்டிக்கொண்டு நான்கு பக்கங்களையும் பார்த்தார். ஏணிக்காரரைக் கேட்காமலேயே புத்தகத்தை டை கட்டியவரிடம் நகர்த்தினார். அவர் கெட்டிக்காரர். நாற்பதைப் பார்த்தார், நாற்பத்திரண்டைப் பார்த்தார், தாளைப் பின்னால் திருப்பி நாற்பத்தொன்றின்மேல் விரலை வைத்தார்.

"இது உங்க கையெழுத்தா சார்?"

"ஆமா."

"பெட்டியைத் திறந்தது நீங்கதானே?"

"நான்தான்."

"யாராவது திறக்கச் சொன்னாங்களா, நீங்களாவே திறந்தீங்களா?" இது அதிகாரி.

லிஃப்ட்காரர் ஏணிக்காரரைப் பார்க்கவில்லை. பார்த்தாலே சொன்னது போலாகிவிடும். டீச்சர் அவரைப் பார்த்தாள். அவள் கண்ணில் வாசற்படி இல்லாத அந்த வீடு தெரிந்தது என்று அவர் பிறகு சொன்னார்.

"திறந்தது என் கைதான் அம்மா. எழுதியிருக்கேனே."

"நான் கேட்டது அது இல்லை."

அவர் லிஃப்ட் கதவைப் பார்த்தார். பழுதான லிஃப்டுக்குள் எங்கோ தண்ணீர் சொட்டுவதுபோல் ஒரு சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"நான் சொன்னேன்" என்றார் ஏணிக்காரர்.

டை கட்டியவர் திரும்பினார். "நீங்க கேட்டதுக்கு மட்டும் பதில் சொன்னாப் போதும்."

"கேட்டதுக்குத்தான் சார் சொல்றேன். போன்ல நான்தான் திறக்கச் சொன்னேன். அன்னைக்கு என்னால வர முடியலை." ஒரு மூச்சு விட்டுத் தொடர்ந்தார். "வீடும் பூட்டியிருக்கலை. ரெண்டு நாளைக்குள்ள சரியாகாத பழுது கணக்குல நின்னா எங்களுக்குச் சம்பளத்துல பிடித்தம். பூட்டியிருந்துதுன்னு போட்டா நிக்காது. எல்லாரும் அப்படித்தான் போடுறோம். நாலு தடவையும் இந்த அம்மா டீ குடுத்தாங்க. நாலாவது தடவை முதுகுக்குத் தைலம் குடுத்தாங்க. இங்க அவங்க முன்னால நின்னு மறுபடி பூட்ட என்னால முடியலை."

எழுத்தர் பேனாவைத் தூக்கியபடி அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி எழுதச் சொல்லித் தலையசைத்தார்.

தீர்ப்பு நான்காம் நாள் தபாலில் வந்தது. விலகல் கட்டணம் செல்லாது. பாக்கிப் பட்டியலில் பெயர் சேர்க்கக்கூடாது. கடைசியில் ஒரு வரி கூடுதலாக இருந்தது: ஊழியர் இந்த அலுவலகம் கேட்டதன் பேரில் உண்மையைச் சொன்னார் என்பதைக் கம்பெனி கவனத்தில் கொள்ளவேண்டும். அந்த வரிக்கு அதிகாரம் எவ்வளவு என்று லிஃப்ட்காரருக்குத் தெரியவில்லை. ஆனாலும் அந்த அதிகாரி அம்மா அதை எழுதியிருந்தார்.

கடன் சங்கத்தில் கடன் கிடைத்தது. மாதத்தின் கடைசி நாள், நாற்காலி முன்னால் இறங்க, டீச்சர் அறுபத்தெட்டுப் படிகளையும் கடைசி முறையாக இறங்கினாள். புது வீட்டு வாசலில் காலை எடுத்து வைத்தவள் திரும்ப வெளியே வந்தாள், மறுபடி உள்ளே போனாள். மூன்று தடவை. மருந்துக்கடை அம்மா பயந்துபோய் என்ன ஆயிற்று என்று கேட்டார்.

"ஒண்ணுமில்லைங்க. சும்மா போய் வரேன்" என்றாள் டீச்சர்.

ஏணிக்காரருக்கு வேலை போகவில்லை. நகரத்தின் மறுகோடிக்கு மாற்றினார்கள். இரண்டு பஸ் மாறிப் போகவேண்டும். லிஃப்ட்காரர் ஒரு விடுமுறை நாளில் அவரைத் தேடிக்கொண்டு போனார். என்ன சொல்வது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு போனவர், அங்கே போய், "சாப்பிட்டாச்சா?" என்று மட்டும் கேட்டார்.

"ஆச்சு சார். இங்க புது ஏணி குடுத்திருக்காங்க. அலுமினியம். பாதி எடைதான்."

"அப்ப முதுகு?"

"முதுகு என்னைப் பத்தி நல்லாப் பேசுது."

அவருடைய மகள் ஏழாவது படிக்கிறாள், கணக்கு வரவில்லை என்று பேச்சுவாக்கில் தெரிந்தது. அந்த வாரத்திலிருந்து டீச்சரின் திரையில் பத்தாவது முகமாக அவள் வந்தாள். கட்டணம் பற்றி ஏணிக்காரர் வாயெடுத்தார். "நீங்க எனக்குப் பத்து மாசம் விட்டுக்குடுத்திருக்கீங்க. அது முடியட்டும், அப்புறம் பேசலாம்" என்று டீச்சர் வாயை அடைத்தாள். பத்து மாதம் முடிந்து வெகுநாள் ஆகிறது. இன்னும் பேசவில்லை.

புது வீட்டில் வேறு கம்பெனியின் பெட்டி வந்தது. அது லிஃப்ட் எண் ஏழு. ஆறாம் எண்ணை மறுபடி எதற்கும் கொடுக்கக்கூடாது என்பது தொழில் முறை. ஒருநாள் ஏணிக்காரர் மகளை நேரில் காட்ட அழைத்து வந்தார். டீ குடித்து முடித்ததும் லிஃப்ட்காரர் புத்தகத்தை எடுத்தார்.

"சார், இன்னைக்கு நான் எதையுமே தொடலை."

"பழைய பாக்கி ஒண்ணு இருக்கு."

எழுதியதை அடிக்கக்கூடாது, பழைய பக்கத்தில் ஒரு எழுத்தும் சேர்க்கக்கூடாது. ஆகவே புதுப் பக்கத்தில் ஆரம்பித்தார். தேதி. நேரம். லிஃப்ட் எண் ஆறு. புகார் என்ற கட்டத்தில் 'இல்லை' என்று எழுதினார். செய்த வேலை என்ற கட்டத்தில்: நாற்பத்தோராம் பக்கத்தின் தொடர்ச்சி. பெட்டியைத் திறக்கச் சொன்னவர் தாமே முன்வந்து அதைச் சொன்னார். சொன்னவர்,

அந்த இடத்தில் பேனா கொஞ்சம் நின்றது. முப்பத்தொரு வருடத்தில் அவர் செய்யாத காரியம். பிறகு ஏணிக்காரரின் பெயரை முழுதாக, நிறுத்தி எழுதினார்.

புத்தகத்தை அவர் பக்கம் திருப்பிவைத்துப் பேனாவை நீட்டினார். ஏணிக்காரர் படித்தார். இரண்டு தடவை படித்தார் போலிருந்தது. மகள் எட்டிப் பார்த்து, "ஏம்ப்பா, நீங்க லிஃப்ட்ல வேலை பார்க்குறீங்களா?" என்று கேட்டாள்.

"ஒரே ஒரு லிஃப்ட்ல" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.